இரைச்சல் புகுந்த இடம்

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்த அமிர்தவள்ளி சட்டென்று பின்னால் நகர்ந்தாள். இன்பராஜ் அதைப் பார்த்துவிட்டான். ஆறு வருடமாக அவளிடம் உதவியாளனாக இருக்கிறான். அவள் பிணம் பார்த்திருக்கிறாள், முகத்துக்கு நேரே கத்தி பார்த்திருக்கிறாள். எதைக் கண்டும் பின்னால் நகர்ந்து அவன் பார்த்ததில்லை.

"இன்னா மேடம், உள்ள பாம்பு கீதா?"

"பாம்பா இருந்தா சந்தோஷப்படுவேன்."

ஆம்பூரில் ஜோதியின் வீடு. தரையில் விரித்த செய்தித்தாளின் மேல் மூன்று எல்.என்.பி.கள் பிளந்து கிடந்தன. டிஷ் ஆன்டெனாவின் முன்னால், கம்பி நுனியில், முட்டை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்குமே, அதுதான் எல்.என்.பி. வானத்திலிருந்து வந்து சேரும் சிக்னலில் உயிரே இருக்காது. அதை முதலில் வாங்கி, பெருக்கி, கேபிளில் கீழே அனுப்புவது அதன் வேலை. அது கெட்டால் கீழே எவ்வளவு பெரிய டிவி வைத்திருந்தாலும் படம் கட்டம் கட்டமாக உடையும்.

இந்த மூன்றின் உட்புறமும் கறுத்திருந்தது. மழைத் தண்ணீர் புகுந்தால் செம்பு பச்சை பூக்கும். இங்கே செம்பும் கறுப்பு, வெள்ளிப் பூச்சும் கறுப்பு. கரியைக் குழைத்து உள்ளே தடவியதுபோல.

"மழைதான் மேடம், வேற இன்னா?" என்றான் வாசலில் நின்ற வேலாயுதம். ஜோதியின் அண்ணன். தங்கைக்காகக் காலையிலிருந்து தன் வேனோடு நிற்கிறான். துப்பறிய வந்தவர்களை ரயிலடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்ததும் அவன்தான்.

அமிர்தவள்ளி ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள். உடனே விலக்கினாள். ஒரு டிஷ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினெட்டு வருடம் ஊராரின் பொய்களைக் கேட்டுச் சலித்து, பொய்யைக் கேட்பதையே தொழிலாக்கிக்கொண்டவள் அவள். எல்.என்.பி. எப்படியெல்லாம் சாகும் என்பது அவளுக்குத் தெரியும். இப்படிச் செத்ததை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் டேனரி ஒன்றின் கழிவுத் தொட்டிக்கு மேலிருந்த வீட்டில். அந்தத் தொட்டிக்குள் ஒருவன் இறங்கினான். அவனைத் தூக்க இரண்டாமவன் இறங்கினான். அவர்களைத் தூக்க மூன்றாமவன்.

"இது எந்த வீட்டுதும்மா?"

ஜோதி தலையை ஆட்டினாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். ஞாயிற்றுக்கிழமை டிஷ் ரிப்பேருக்குப் போன புருஷன் நவநீதன் வீடு திரும்பவில்லை. இன்று செவ்வாய். அவள் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தெரியல மேடம். நாலு மாசத்துல ஒரே வீட்டுக்கு நாலாவது வாட்டி மாத்தப் போறேன்னு சொல்லிக்கினே போனாரு. இந்த வாட்டி ஏன்னு பார்த்துட்டுதான் எறங்குவேன்னாரு. அப்புறம் போன் ஆஃப்."

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"நாட்றம்பள்ளிப் பொம்பள ஒருத்திகூட பெங்களூர் ரயில் ஏறிட்டாராம். ஊரே சொல்லுது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு அப்படி இல்ல மேடம்."

"ஊரே சொல்லுதுன்னா ஊரையே கேப்போம்," என்று எழுந்தாள் அமிர்தவள்ளி. கறுத்த எல்.என்.பி.களில் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "வேலாயுதம், வண்டி எடுங்க. கொஞ்சம் சீக்கிரம்."

பஜார் தெரு முனையில் மரியம்மாள் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதும் கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்.

"டிஷ்ஷுக்கார நவநீதனா? ஓடிப்போய்ட்டான். பெங்களூர் வண்டி. நாட்றம்பள்ளிக்காரி. பச்சை டி-ஷர்ட் போட்டுக்கினு, குனிஞ்ச தலை நிமிராம போனானாம்."

"போனானா, போனானாமா?"

"நான் எங்கம்மா பாக்குறது? நிசார் பாய்தான் சொன்னாரு."

"அந்தப் பொம்பள எப்படி இருந்தாளாம்?"

"தெரியல."

"கையில பை வெச்சிருந்தானா?"

"தெரியலம்மா. பச்சை டி-ஷர்ட். அவ்ளோதான்."

பக்கத்தில் பஜ்ஜி தின்ற ஆட்டோக்காரரும் பச்சை டி-ஷர்ட் என்றார். எதிர்க்கடையில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தவரும் பச்சை டி-ஷர்ட் என்றார். மூன்று பேருமே ரயிலைப் பார்க்கவில்லை.

"மேடம், ஆதார் அட்டை மாதிரி ஊர் பூரா ஒரே போட்டோ வெச்சிருக்கானுங்க," என்றான் இன்பராஜ். பஜ்ஜி அவன் வாயில் இருந்தது. "இத்தினி பேர் சொன்னா ஒத்துக்க வேண்டியதுதான?"

வேலாயுதம் வேனிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் அமிர்தவள்ளி நின்றாள்.

"டிஷ் டிவியில சிக்னல் பாக்கச் சொன்னா ரெண்டு கோடு வரும். பார்த்திருக்கியா?"

"ஒண்ணு ஸ்ட்ரெங்த். ஒண்ணு குவாலிட்டி. எங்க வீட்ல ரெண்டும் தூங்கும்."

"சில வீட்ல ஸ்ட்ரெங்த் தொண்ணூறுக்கு மேல நிக்கும். குவாலிட்டி பூஜ்யம். படம் வராது. சிக்னல் நல்லாத்தான இருக்குதுன்னு போன்ல சண்டைக்கு வருவாங்க. அது சிக்னல் இல்லடா. இரைச்சல். பெருக்குற கருவிக்கு எது படம், எது இரைச்சல்னு தெரியாது. வந்ததைப் பெருக்கும். முதல் இடத்துல இரைச்சல் புகுந்துடுச்சுன்னா அப்புறம் பத்து கருவி போட்டாலும் இரைச்சல்தான் பத்து மடங்காவும்."

"ஊர் சொல்றது ஸ்ட்ரெங்த்."

"குவாலிட்டி பூஜ்யம். ஒருத்தனுக்கும் பொம்பள முகம் தெரியல, பை தெரியல. எல்லாருக்கும் தெரிஞ்சது ஒரே டி-ஷர்ட். ஒரு வாயிலருந்து கிளம்பினது." அவள் ஜோதிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை என்ன சட்டை போட்டுட்டுப் போனாரும்மா?"

"கட்டம் போட்ட வெள்ளைச் சட்டை மேடம்."

"பச்சை டி-ஷர்ட்?"

"அது மாடி ஏறுறதுக்கு. சட்டை அழுக்காவக் கூடாதுன்னு பையில வெச்சிருப்பாரு. மேல போய் மாத்துவாரு, எறங்கும்போது திரும்ப சட்டை போட்டுக்குவாரு. கிழிஞ்சு கிடக்குது மேடம் அது. அதைப் போட்டுக்கினு பக்கத்துக் கடைக்குக்கூட போவ மாட்டாரு. ஏன் மேடம்?"

"சும்மாதான். நீ ஏதாவது சாப்பிடு."

போனை அணைத்தாள். இன்பராஜ் மெல்வதை நிறுத்தியிருந்தான்.

"அப்போ பச்சை டி-ஷர்ட்டும் பொய்யா?"

"அதுதான்டா நிஜம். ரயில்தான் பொய். இந்தக் கதையைக் கட்டினவன் அன்னைக்கு அவனைப் பச்சையில பார்த்திருக்கான். பச்சையில பார்க்கணும்னா மாடியிலதான் பார்த்திருக்கணும். அவன் எப்பவும் அந்த டி-ஷர்ட்லதான் சுத்துவான்னு நினைச்சு, அதையே ரயில் ஏத்தி விட்டுட்டான்."

"சரி, மாடியில பார்த்தான். அப்புறம் எறங்கியிருப்பான்ல?"

"எறங்கியிருந்தா சட்டை மாத்தியிருப்பான்."

வெயில் மண்டையைப் பிளந்தது. இன்பராஜ் மிச்ச பஜ்ஜியைக் கீழே போட்டான்.

நிசார் அஹமதுவின் செல்போன் கடை சந்துக்குள் இருந்தது. பிரித்துப் போட்ட போன்களுக்கு நடுவே அவர் தொழுகைக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். வேலாயுதம் வேனைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"பாய், நவநீதன் விஷயம்."

"பாவம்மா அந்தப் பொண்ணு. நமக்கு நல்ல தோஸ்த் அவன். இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கல."

"உங்களுக்கு யார் சொன்னது?"

நிசார் அஹமது கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலாகச் சந்து முனையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா பேஜாரா கீது? ஆளையே கூட்டிக்கினு வந்து என்னைக் கேக்குறீங்க?"

"யாரை?"

"வேலாயுதத்தைத்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதே ஸ்டூல்ல உக்காந்து அழுதாரே. கூடப்பொறந்தவ வாழ்க்கை போச்சு பாய், பச்சை டி-ஷர்ட்டோட ரயில் ஏறுனதைக் கண்ணால பார்த்தேன்னு."

இன்பராஜ் சந்து முனைப் பக்கம் திரும்பப் போனான். "மேடம், காலையிலருந்து நாம..."

"மெதுவா திரும்பு. ஓடாதே," என்றாள் அவள். உதடு அசையவில்லை. "ஓடுனா அவன் வண்டியை எடுத்துடுவான். இடம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

இருபதடிச் சந்து. இன்பராஜுக்கு அது முடியவே இல்லை. வேலாயுதம் கண்ணாடி வழியாக அவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அமிர்தவள்ளி முன்பக்கக் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்த கறுத்த எல்.என்.பி.யை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"மேலயா, கீழயா?"

"இன்னா மேடம் கேக்குறீங்க?"

"நவநீதனை எங்க வெச்சிருக்க? மாடியிலயா, தரையிலயா? அதை மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்."

அவன் கியரைப் போடப் பார்த்தான். பின்சீட்டிலிருந்து இன்பராஜின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"செம்பை இப்படிக் கறுப்பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் அமிர்தவள்ளி. "முட்டை அழுகுன வாசனை வருமே, அந்த வாயு. காத்தைவிட கனம், தரையிலதான் அதிகமா தேங்கும். நாலு மாசத்துல மூணு எல்.என்.பி.யைத் தின்னுருக்குது. தொறந்த வெளியில இருக்குற டிஷ்ஷையே தின்னா, மூடுன இடத்துக்குள்ள இருக்குறவனை என்ன பண்ணும்? சொல்லு. மேலயா, கீழயா?"

"மேல," என்றான் வேலாயுதம். அழுதுவிட்டான். "மேல்மாடியில, தோல் காயப் போடுற ரூம்ல. நான் அடிக்கல மேடம். சோறு குடுக்குறேன். சரக்கு வெளிய போற வரைக்கும்தான், நாளைக்கு விட்டுடலாம்னு..."

அரையும் குறையுமாக வந்தது. அதிகாரிகள் சீல் வைத்த டேனரி. சாவி வேலாயுதத்திடம். வெளியூர்ப் பார்ட்டி ஒன்றுக்குத் திருட்டுத்தனமாகத் தோல் ஊறவைத்துக்கொடுக்கிறான். பக்கத்து வீட்டு மாடியில் டிஷ் பார்க்க ஏறிய நவநீதன், ஷெட்டுக்குள் தோல் ஊறவைக்கும் டிரம் சுற்றுவதைப் பார்த்தான். சட்டை மாற்றி இறங்காமல், மாடியிலிருந்தே மதில் மேல் தாவி வந்து மச்சானிடமே நியாயம் கேட்டான்.

"தண்ணியை எங்க விடுற?"

"உள்ள இருக்குற தொட்டியில."

"எந்தத் தண்ணி?"

"ரெண்டும்தான் மேடம். மயிர் எடுக்குற சுண்ணாம்புத் தண்ணி, அப்புறம் ஆசிட் தண்ணி. ஒரு தொட்டிதான நல்லா கீது."

அமிர்தவள்ளி கண்ணை மூடினாள். தோல் ஊறவைக்கும் எந்தப் பழைய ஆளும் அதைச் செய்யமாட்டான். சுண்ணாம்புத் தண்ணீரில் சல்ஃபைடு இருக்கும். அதன் தலையில் ஆசிட் விழுந்தால் வாயு கிளம்பும். அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிக் கால்வாய்.

"நீ முன்னாடி எந்த வேலை பார்த்த?"

"ஷூ கம்பெனி. தையல் சூப்பர்வைசர். தோல் ஊறவைக்கிற ஈர வேலை எனக்கு இன்னா தெரியும்?" அவன் மூக்கைத் துடைத்தான். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடுவோம். இன்னைக்குதான் கடைசின்னு எல்லா டிரம்மையும் தொறந்து விட்டுட்டு ஆளுங்க ஊருக்குப் போய்ட்டானுங்க."

"எப்போ?"

"இப்பதான். நீங்க பஜ்ஜிக் கடையில பேசும்போது போன் வந்துச்சு."

"வண்டியை எடு," என்றாள்.

வழியில் இன்பராஜ் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினான். காற்று சிலிண்டரும் முகமூடியும் வேண்டும் என்று மூன்று முறை சொன்னான். இடத்தை வேலாயுதம் சொல்லச் சொல்ல அவன் போனில் கத்தினான். இன்னொரு வண்டிக்கு வழிவிட நின்றபோது, "மேடம், எனக்கு மூத்திரம் வருது," என்றான் இன்பராஜ். அது ஜோக் இல்லை.

துருப்பிடித்த பெரிய கேட். பூட்டின் மேல் அரக்கு சீல் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஆள் நுழையும் சின்னக் கதவு திறந்திருந்தது. நெருங்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. இன்பராஜ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தான். உள்ளே திறந்த முற்றம். அதைத் தாண்டி இருண்ட ஷெட். ஷெட்டின் உள்ளேதான் மாடிப்படி. எங்கோ மோட்டார் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மேலே யார் கத்தினாலும் கேட்காது.

ஷெட் வாசலுக்குச் சில அடி முன்னால் இன்பராஜ் கைக்குட்டையை எடுத்தான்.

"அப்பாடா. நாத்தம் போய்டுச்சு மேடம்."

அவன் சட்டைக் காலரை அவள் பிடித்து இழுத்த வேகத்தில் பொத்தான் தெறித்தது. கேட் வரை இழுத்துக்கொண்டு வந்துதான் விட்டாள்.

"நாத்தம் போகலடா. உன் மூக்கு போயிடுச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "தாங்க முடியாத அளவுக்கு சிக்னல் வந்தா பெருக்குற கருவி ஊமையாயிடும். மீட்டர்ல ஒண்ணும் காட்டாது. மூக்கும் அப்படித்தான். வாசனை இல்லாத இடம்தான் சாவுற இடம்."

இன்பராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"பக்கத்து வீடு. மாடி. அங்கிருந்துதான நவநீதன் பார்த்தான். ஏணி கேளு. ஜன்னலை உடை. போ!"

பக்கத்து வீட்டு சோபனா கதவைத் திறந்ததும் டிஷ் கம்பெனி ஆட்கள் என்றே நினைத்தாள். "வந்தீங்களா? மூணு நாளா டிவி வரல. ஒருத்தர் வந்தாரு, மேல ஏறுனாரு, சொல்லாமகூட போய்ட்டாரு."

"அவரைத்தான் அக்கா திரும்ப எடுக்க வந்திருக்கோம். ஏணியும் கடப்பாரையும் குடுங்க. குழந்தைங்களைக் கூட்டிக்கினு தெருவுக்குப் போய்டுங்க," என்று இன்பராஜ் அவளைத் தாண்டிப் படியேறினான்.

டிஷ் நின்ற கைப்பிடிச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி டேனரியின் மேல்மாடி. காற்று போக மரச்சட்டம் அடித்த நீள ஜன்னல். சட்டங்களுக்கு நடுவே நான்கு விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை அசையவில்லை.

"நவநீதா!"

ஒரு விரல் அசைந்தது.

கீழே, கேட் அருகே, அமிர்தவள்ளி திரும்பியபோது வேலாயுதம் பக்கத்தில் இல்லை. அவன் முற்றத்தைக் கடந்து ஷெட் வாசலில் நின்றிருந்தான். கையில் சாவிக்கொத்து.

"வேலாயுதம், வெளிய வா!"

"படி வழியா தொறந்து விட்டா அவனே நடந்து வந்துடுவான் மேடம். ஜன்னலை உடைக்க நேரமாவும்."

"உள்ள போகாத! செத்துடுவ!"

அவன் ஷெட்டுக்குள் ஓரடி வைத்தான். மூச்சை இழுத்துப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்து, காலையிலிருந்து முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தான்.

"வாசனையே இல்லியே மேடம். வாசல்லதான் நாறுது. உள்ள ஒண்ணுமே இல்ல."

படியை நோக்கி ஓடினான். முதல் படியில் கால் வைத்தான். இரண்டாவது படியில் உட்கார்ந்தான். ஏதோ ஞாபகம் வந்து உட்கார்ந்தவன் போலத்தான் இருந்தது. பிறகு பக்கவாட்டில் சரிந்து, தரையில் முகம் பட விழுந்தான். சாவிக்கொத்து சிமென்டில் சறுக்கிப்போய் நின்றது.

அமிர்தவள்ளியின் கால் தானாக முன்னால் போனது. முப்பதடிகூட இருக்காது. கையைப் பிடித்து இழுத்துவிடலாம். மூச்சை அடக்கிக்கொண்டால் போதும். அந்த மூன்று பேரில் இரண்டாமவனும் மூன்றாமவனும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவள் காலைப் பின்னால் எடுத்தாள். கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், தன்னை நம்பாமல்.

மேலே மரம் பிளக்கும் சத்தம். இன்பராஜின் கத்தல். ஏணி ஆடும் சத்தம். பிறகு, "வந்துட்டான் மேடம்! மூச்சு கீது!"

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இருவர் ஷெட்டுக்குள் ஓடினார்கள். போகும்போது ஓடியவர்கள், வேலாயுதத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஓடவில்லை.

நவநீதனைத் தெருவில் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கண் சிவந்து நீர் ஒழுகியது. இருமலுக்கு நடுவே, "மச்சான் எங்க?" என்றான். "காலையில சோறு வெச்சுட்டு, நாளைக்கு விட்டுர்றேன், ஜோதிகிட்ட மட்டும் சொல்லாதடான்னு கையைப் புடிச்சுக்கினு கெஞ்சுனாரு. சொல்ல மாட்டேன்னேன். எங்க அவரு?"

இன்பராஜ் அவன் மார்பில் கை வைத்து மறுபடி படுக்க வைத்தான். முற்றம் தெரியாதபடி நடுவில் நின்றுகொண்டான்.

அமிர்தவள்ளியின் போன் அடித்தது. ஜோதி.

"மேடம், ஏதாவது..."

"கிடைச்சுட்டான்மா. உயிரோட இருக்கான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

மறுமுனையில் வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது. அமிர்தவள்ளி காத்திருந்தாள். ஸ்ட்ரெச்சரின் மேல் யாரோ துணி போர்த்தினார்கள்.

"அண்ணன்கிட்ட போனைக் குடுங்க மேடம்," என்றாள் ஜோதி. மூக்கை உறிஞ்சினாள். இப்போது அவள் குரலில் சிரிப்பும் இருந்தது. "காலையிலருந்து எனக்காக அலைஞ்சிக்கினு கீது. சாப்ட்டுச்சான்னு கேக்கணும்."

அமிர்தவள்ளி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"ஜோதி, வீட்ல உன்கூட யாரு இருக்காங்க?"